முட்டைக் கோதளவு நல்லெண்ணெய்

முதல் நோவு, துடக்குக் கழித்த அன்று மத்தியானம் வந்தது. பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள். வீடு கழுவி, ஐயர் வந்து போய், உறவினர் எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு கடைசிப் பந்தியில் நானும் இருந்தேன். வாழைக்காய்ப் பால்கறி, கத்தரிக்காய் பொரித்த குழம்பு, சொதி, வடை, பாயசம். ஒரு மாதமாகப் பத்தியச் சாப்பாட்டில் கிடந்தவள், எல்லாவற்றையும் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அரைமணிக்குள் வலது விலாவுக்குக் கீழே யாரோ பெருவிரலை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. பிறகு அந்த அழுத்தம் முதுகுக்குப் போய் வலது தோட்பட்டைக்கு அடியில் நின்றது. இருந்து பார்த்தேன், படுத்துப் பார்த்தேன், நடந்து பார்த்தேன். எந்தப் பக்கமும் ஆறுதல் இல்லை. சத்தியெடுத்தேன். மூன்று மணித்தியாலம் கழித்து, வந்ததுபோலவே சொல்லாமல் போய்விட்டது.

"வாய்வு" என்றார் அக்கா. அடுத்த தெரு டிஸ்பென்சரியிலும் வாய்வு என்றுதான் சொல்லி, இஞ்சி மணக்கும் ஒரு போத்தல் தண்ணீர்மருந்து தந்தார்கள். நானும் நம்பினேன். வாய்வு என்பது எங்கள் ஊரில் எல்லா நோவுக்கும் இடம் கொடுக்கும் பெரிய வீடு.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீடு வல்வெட்டித்துறையில். தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்தேன். கணவருக்குச் சந்தைக்குக் கிட்ட ஒரு சிறிய பலசரக்குக் கடை. அக்கா என்னிலும் பன்னிரண்டு வயது மூத்தவர். கலியாணம் செய்யவில்லை. அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். என் கலியாணத்துக்குப் பிறகும் எங்களோடுதான் இருந்தார், அடுப்படி அவருடைய ஆட்சியில்.

எனக்கு முன்பு இரண்டு தரம் கர்ப்பம் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதம், மற்றது ஐந்தாம் மாதம். வாசுகி மூன்றாவது. அவள் தங்கினாள். இதில் இனி நான் எழுதப்போகும் புத்திக் குறைவான காரியங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரு செய்தி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாம் நோவு வந்த அன்று கணவர் வாடகைக்குக் கார் பிடித்து என்னை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே சத்திரசிகிச்சை டொக்டர் என் விலாவுக்குக் கீழே விரல்களை ஊன்றி, "மூச்சை நல்லா இழுங்கோ ரீச்சர்" என்றார். பாதி மூச்சில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் இழுக்க முடியவில்லை.

"பித்தப்பையிலை கல் எண்டு நினைக்கிறன். பிள்ளைப்பெறுவுக்குப் பிறகு கனபேருக்கு வாறதுதான்."

பித்தப்பை (ஈரலுக்குக் கீழே தொங்கும் சிறிய பை, ஈரல் சுரக்கும் பித்தநீரைச் சேமித்து வைக்கும்) கொழுப்பு வயிற்றுக்குள் போகும்போது சுருங்கிப் பித்தநீரைப் பீச்சும். உள்ளே கல் இருந்தால், சுருங்கும்போது கல் வாயிலில் அடைக்கும். நோவு அதுதான். இவ்வளவையும் டொக்டர் ஒரு துண்டில் கீறிக் காட்டினார். நான் பிள்ளைகளுக்குச் சமிபாட்டுத் தொகுதி கீறும்போது அந்தப் பையைப் பச்சைச் சோக்கால் கீறுவேன். அதற்கு நோகும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"பிள்ளைக்குப் பால் குடுக்கிறீங்களோ?"

"ஓம் டொக்டர். ரெண்டரை மாதம்."

"வெட்டி எடுக்கத்தான் வேணும். ஆனால் இப்ப அவசரமில்லை. கொழுப்பை அடியோடை நிப்பாட்டினால் பை சும்மா கிடக்கும். நோவு வராமல் வைச்சிருந்தால், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகிச் சோறு தீத்தத் தொடங்கின பிறகு செய்யலாம். இடையிலை கண் மஞ்சளிச்சால், குளிர்காய்ச்சல் வந்தால், அண்டைக்கே வெட்டுவம். பிறகு பிள்ளையைப் பாத்துக்கொண்டிருக்கேலாது."

ஆக எனக்கு முன்னால் இருந்தது மூன்றரை மாதம். அதுவரை கொழுப்பில்லாமல் சாப்பிட்டு, நோவைத் தள்ளிவைத்து, பிள்ளைக்குப் பாலும் கொடுக்க வேண்டும். தங்காமல் போன இரண்டுக்கும் பிறகு தங்கிய ஒன்றுக்குப் புட்டிப்பால் கொடுக்க எனக்கு மனமில்லை. அந்தக் காலத்தில் புட்டிப்பாலில் வளர்ந்து வயிற்றோட்டத்தில் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

டொக்டர் விலக்கு எழுதித் தந்த துண்டை அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். தேங்காய், தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், நெய், பட்டர், பொரியல், இறைச்சி, முட்டை. அக்கா அதை வாசித்துவிட்டு, "இதெல்லாம் இல்லாமல் சமைக்கிறதெண்டால் நான் தண்ணியைத்தான் அவிக்கவேணும்" என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் சமையலில் தேங்காய்ப்பால் கறிக்கு விடும் ஒரு பொருளாக இருப்பதில்லை. கறியே அதற்குள்தான் இருக்கிறது. முதற்பாலை எடுத்துவிட்டால் சொதிக்கு நிறம் போகும், மணம் போகும், இடியப்பத்தில் ஊறும் பதம் போகும். உறைப்பை அடக்குவதும் அதுதான். எல்லாவற்றிலும் மேலாக, சாப்பிட்டோம் என்ற நினைப்பு வயிற்றில் நிற்காமல் போகும்.

நான் மனையியல் ரீச்சர் அல்லவா. பதிலுக்கு ஒன்றைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று நின்றேன். முதலில் அரிசிமாவைக் கரைத்துச் சொதியில் விட்டேன். ஆறியதும் அது பசையாகிவிட்டது. அடுத்தநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் கொழுப்பெடுத்த பால்மாவில் ஒரு தகரப் பேணியைக் கணவர் எங்கேயோ தேடிக் கொண்டுவந்தார். அதைக் கரைத்து விட்டபோது நிறம் அசலாக வந்தது. அக்காவே ஏமாந்தார். பழக்கத்தில் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தார். முழுச்சொதியும் திரைந்து, வெள்ளைத் துணுக்குகளாக மிதந்தது.

கணவர் கோப்பையைச் சரித்துப் பார்த்தார். "உந்தச் சொதியைப் பாத்தால் கை கழுவின தண்ணி மாதிரிக் கிடக்கு."

"அப்ப கையைக் கழுவிப்போட்டு எழும்புங்கோ" என்றேன்.

எழும்பவில்லை, சாப்பிட்டார். ஆனால் கடையில் வடை வாங்கித் தின்றுவிட்டு வந்தது வாயிலேயே மணத்தது. அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசியில் கைகொடுத்தது கஞ்சி. குத்தரிசிச் சோறு வடித்த கஞ்சியில் பால்மாவைக் குழைத்து, சொதியை அடுப்பால் இறக்கிய பிறகு விட வேண்டும். கொதிக்க விடக்கூடாது. தேசிக்காயைச் சட்டிக்குள் பிழியாமல் அவரவர் கோப்பையில் பிழிய வேண்டும். பால்கறிக்கு அவித்த வாழைக்காயிலேயே ஒரு துண்டை மசித்துக் கரைத்தேன். தாளிதத்துக்கு எண்ணெய் இல்லாமல் வெங்காயத்தையும் செத்தல் மிளகாயையும் வெறுஞ்சட்டியில் வறுத்தேன். பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் ஏற்கெனவே எனக்கு உகந்த சாப்பாடாக இருந்தது. அதில் எண்ணெயும் இல்லை, தேங்காயும் இல்லை, மாவே தடிப்பைக் கொடுக்கிறது. கிழமைக்கு இரண்டு நாள் கூழ் காய்ச்சினோம்.

இவை எல்லாம் நாக்குக்குக் கொழுப்பின் பதத்தைத் தந்தன. மணத்தைத் தரவில்லை. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் பசித்தது. உதடு வெடித்தது, தலைமயிர் காய்ந்தது. இந்த வழியில் இப்போது நடக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, உங்கள் பசி பொய்ப் பசி அல்ல. வயிறு எதையோ தேடுகிறது, நீங்கள் அதற்கு வேறொன்றைக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஒருநாள் கணவர் மாஜரின் பெட்டியோடு வந்தார். முகத்தில் பெரிய சந்தோஷம்.

"பட்டர் கூடாதெண்டு தானே துண்டிலை கிடக்கு? இது பட்டர் இல்லை. பாணுக்குப் பூசிச் சாப்பிடும்."

நான் அவரைக் கதிரையில் இருத்தி வைத்து வகுப்பெடுத்தேன். பட்டருக்குப் பதில் வேறு, கொழுப்புக்குப் பதில் வேறு. மாஜரின் மரக்கறி எண்ணெயைக் கட்டியாக்கிச் செய்வது. நெய்யும் எண்ணெயும் மாஜரினும் வயிற்றுக்குள் போனால் பித்தப்பைக்கு ஒன்றுதான், அதற்குப் பெயர் வாசிக்கத் தெரியாது. இப்படியெல்லாம் சொன்னேன். அவர் பாவம், பெட்டியைத் திரும்பக் கடைக்குக் கொண்டுபோனார்.

நான் அந்த வகுப்பை எடுத்தது ஒரு காலை வேளையில். அன்று விடிய நான் என்ன குடித்திருந்தேன் என்பதை இனிச் சொல்கிறேன்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் நோவு நிற்கவில்லை. மகப்பேற்று லீவு முடிந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தேன். முதற் பாடத்தில் வரும். மேசையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு எழுத வேலை கொடுத்துவிட்டு நிற்பேன். ஒவ்வொரு நாளும் அல்ல. கிழமையில் மூன்று நாள், நாலு நாள். பெரும்பாலும் காலைதான். மத்தியானமும் பின்னேரமும் வருவது குறைவு.

ஒரு கொப்பி போட்டேன். இடப்பக்கம் சாப்பிட்டது, வலப்பக்கம் நோவு வந்த நேரம். தேத்தண்ணியில் விட்ட பாலின் கரண்டிக் கணக்குவரை எழுதினேன். பாணை விட்டுப் பார்த்தேன். பஸ்ஸில் இருந்து குலுங்குவதால் வருகிறதோ என்று நடந்து பார்த்தேன். நோவு தன்பாட்டில் வந்தது.

டொக்டர் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதிலை ஒரு பிழையும் இல்லை. இப்பிடி ஒழுங்காச் சாப்பிடுற ஒரு ஆளை நான் இன்னும் காணேல்லை." கொப்பியை மூடினார். "அப்ப நோவு ஏன் வருது? கண்ணைக் காட்டுங்கோ."

கீழிமையை இழுத்துப் பார்த்தார். மஞ்சள் இல்லை. ஆனால் அவருக்கு முகம் சரியில்லை. பை அழற்சிப்படுகிறதோ என்று சந்தேகப்பட்டார். மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, தேவையென்றால் அந்தக் கிழமையே வெட்டுவது என்று சொன்னார். பிள்ளைக்கு அப்போது நாலு மாதம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த மனிசி தன் பையிலிருந்து ஒரு கதலி வாழைப்பழத்தை எடுத்துத் தந்தார்.

எக்ஸ்ரேக்கு முதல்நாள் இரவு கொழுப்பில்லாத சாப்பாடு. அதன் பிறகு ஆறு குளிசைகள், தண்ணீரோடு ஒவ்வொன்றாக. அந்த மருந்து பித்தப்பைக்குள் போய்ச் சேர்ந்து, படத்தில் பையை வெள்ளையாகக் காட்டும். பாலிலும் இறங்கும் என்பதால் இரண்டு நாள் பாலைப் பீச்சி ஊற்றச் சொல்லியிருந்தார்கள். காலையில் வெறும் வயிறு. வேறெதுவும் வாயில் வைக்கக்கூடாது என்று கண்டிப்பு. அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.

முதல் படம் எடுத்தார்கள். பிறகு எக்ஸ்ரே அறைத் தாதி ஒரு பீங்கானைக் கொண்டுவந்து தந்தார். அவித்த முட்டை இரண்டு, பட்டர் தடித்துப் பூசிய பாண் இரண்டு துண்டு.

பீங்கானைத் திருப்பி நீட்டினேன். "இது எனக்கு விலக்கு, மிஸி."

"தெரியும். அதுக்குத்தான் தாறது. முட்டையும் கொழுப்பும் சேந்து போனால்தான் பை நல்லாச் சுருங்கும். சுருங்குதோ எண்டு இன்னொரு படம் எடுக்கவேணும். யோசியாமல் சாப்பிடுங்கோ. அரைமணியிலை கூப்பிடுவன்."

சாப்பிட்டேன். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு பட்டர். ருசித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. விறாந்தையில் கிடந்த நீள வாங்கில் போய் இருந்தேன். அரைமணி ஆகும் முன்னரே பெருவிரல் விலாவுக்குக் கீழே வந்து அழுத்தியது.

வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நான் முதற் பாடத்தில் மேசையைப் பிடிக்கும் அதே பிடி. அதே இடம். சாப்பிட்டு அதே அரைமணி, முக்கால் மணி. முட்டையும் கொழுப்பும் சேர்ந்து.

அப்போதுதான் எனக்கு அந்த முட்டைக் கோது நினைவுக்கு வந்தது.

ஒவ்வொரு நாளும் விடிய, பள்ளிக்கூடம் வெளிக்கிடும் முன்பு, அக்கா அடுப்படி வாசலில் நிற்பார். முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டி உடைத்துத் தருவார். பச்சையாக உறிஞ்ச வேண்டும். பிறகு அந்தக் கோது நிறைய நல்லெண்ணெய் வார்ப்பார். அதையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்க வேண்டும். சாமத்தியப்பட்ட (வயதுக்கு வந்த) பெட்டைகளுக்கும் பிள்ளைப் பெற்றவர்களுக்கும் எங்கள் பக்கத்தில் கொடுப்பதுதான். இடுப்புக்கும் நாரிக்கும் பலம், பாலுக்குப் பிடிப்பு. நான் மெலிந்துகொண்டு வருகிறேன் என்று அக்கா பிறகு ஒரு முட்டையை இரண்டாக்கினார், கோதும் இரண்டு. முட்டை அகப்படாத நாட்களில் இல்லை. அதுதான் கிழமையில் மூன்று நாள், நாலு நாள்.

நான் அதைக் கொப்பியில் எழுதவில்லை. மறைக்கவில்லை, பொய் சொல்லவுமில்லை. சாப்பாட்டுக் கொப்பியில் சாப்பாடுதானே எழுதுவது. கோப்பையில் போட்டுத் தின்பது சாப்பாடு. வாசலில் நின்று கண்ணை மூடி விழுங்குவது மருந்து. டொக்டரின் துண்டில் நல்லெண்ணெயும் முட்டையும் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றுதான் இரண்டையும் குடித்தேன். பள்ளிக்கூடத்தில் 'எண்ணெய்கள் யாவும் கொழுப்புக்களே' என்று எழுதிக்கொடுத்ததும் இதே ஆள்தான்.

டொக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பேனையைக் கீழே வைத்தார்.

"நாங்கள் எக்ஸ்ரேக்கு ஒருக்கால் செய்யிறதை நீங்கள் வீட்டிலை மாதக்கணக்காச் செய்திருக்கிறியள். கண் மஞ்சளிக்காதது உங்கடை அதிஷ்டம் ரீச்சர். அதை நிப்பாட்டிப்போட்டு மூண்டு கிழமை பாப்பம்."

படத்தில் கற்கள் தெரிந்தன. பை சுருங்கியதும் தெரிந்தது. அன்று வெட்ட வேண்டிய நிலைமை இல்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். யோசித்த அளவுக்கு நன்றாகச் சொல்லவில்லை. பசியும் களைப்பும் கோபமுமாக அடுப்படியில் வைத்தே கொட்டிவிட்டேன்.

"அக்கா, அந்த முட்டையும் எண்ணெயுந்தான் என்ரை நோவு."

காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா அரிவாளைச் சரித்து வைத்தார். "என்ன சொல்லுறாய்?"

"ஆஸ்பத்திரியிலை நோவு வரப்பண்ணுறதுக்குக் குடுக்கிற சாமான் அதுதான்."

"அப்ப நானோ உனக்கு நஞ்சு தந்தனான்? முந்தி ரெண்டு போனது உடம்பிலை பிடிப்பில்லாமல் எண்டுதானே நான் மாய்ஞ்சு மாய்ஞ்சு முட்டை தேடினனான். ஊரிலை எல்லாருக்கும் குடுக்கிறேல்லையோ? அவையெல்லாம் செத்தே போச்சினம்?"

"அவையளுக்குக் கல் இல்லை அக்கா."

"நீ படிச்சனி. உனக்குத் தெரியாதோ?"

"தந்ததுதான் நீங்கள். குடிச்சது நான்" என்று மட்டும் சொன்னேன். அக்கா நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிள்ளையோடு கதைத்தார், என் காதில் விழும்படி. "உன்ரை அம்மா எண்ணெயை விட்டிட்டா. இனி உனக்கு வாறது பாலில்லை, தண்ணி" என்று.

அந்த வார்த்தை எனக்குள் போய் இருந்துவிட்டது. நோவு நின்றுவிட்டது. ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒரு மாதம், ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை பால் குடிக்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் தின்னாததை எப்படி அவளுக்குக் கொடுக்க முடியும்? நிறுவையில் அவள் கூடிக்கொண்டுதான் வந்தாள். அப்படியிருந்தும் பயந்தேன். படித்த புத்தகத்தைவிட அக்காவின் வாய் எனக்குள் ஆழமாக இருந்தது.

பிள்ளைக்கு ஆறரை மாதத்தில் என்னை வாட்டில் சேர்த்தார்கள். சத்திரசிகிச்சைக்கு மூன்று நாள் முன்பு. வாசுகி வீட்டில் கணவருடைய தங்கையிடம் இருந்தாள், அரிசிமாக் கஞ்சியும் பசுப்பாலும். எனக்கு மார் கட்டிக் கொதித்தது. பின்னேரம் ஒரு கண்ணாடி கிளாசில் பாலைப் பீச்சி, ஊற்றப் போக எழும்பாமல் கட்டில் அலுமாரியில் மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

அடுத்தநாள் காலை அக்கா முதல் பஸ்ஸில் வந்தார். எனக்குக் கஞ்சிச் சொதியும் இடியப்பமும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கீழே வெளிர்நீலமாகத் தெளிந்த பால். மேலே ஒரு விரல் தடிப்புக்கு மஞ்சளாக ஆடை.

"இதென்ன?"

"பால்தான் அக்கா. நேற்றையான்."

"இவ்வளவு கொழுப்போ? ரெண்டு மாதத்துக்கு மேலை நீ ஒரு சொட்டு எண்ணெய் படேல்லையே. எங்கையிருந்து வந்தது?"

"என்ரை உடம்பிலையிருந்துதான்."

அக்கா என் கையைப் பார்த்தார். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கும் கையாக இருந்தது அது. கட்டிலின் ஓரத்தில் இருந்தார். எனக்கு நினைவு தெரிந்து அக்கா அழுது நான் கண்டது அம்மா செத்தபோதும் அன்றும்தான். பிறகு கிளாசைச் சேலைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு போனார். முலைப்பாலைக் கால்படும் இடத்தில் ஊற்றக்கூடாது. ஆஸ்பத்திரி வளவில் வேப்பமரத்தடி தேடி ஊற்றிவிட்டு வந்தார். பிறகு எனக்கு இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் ஊறவைத்துத் தந்தார். அதன் பிறகு அவர் பால், தண்ணீர் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

சத்திரசிகிச்சை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மயக்க மருந்தின் மணம், பிறகு தாகம். வலது விலாவின் கீழ் ஒரு சாண் நீள வெட்டு, அதிலிருந்து ஒரு இறப்பர்க் குழாய். இருமினால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளச் சொல்லித் தந்தார்கள். அது நல்ல உபாயம், மறவாதீர்கள். பத்தாம் நாள் தையல் வெட்டினார்கள். கற்களை ஒரு சின்னப் போத்தலில் போட்டுத் தந்தார்கள். குரக்கன் (கேழ்வரகு) அளவில் பல, மிளகு அளவில் சில. கணவர் அதைக் கடையில் வைத்து வருகிறவர்களுக்குக் காட்டத் தொடங்க, நான் பறித்து எடுத்துவிட்டேன்.

பால் நின்றுவிடவில்லை. குறைந்திருந்தது. இன்னும் மூன்று மாதம் கொடுத்தேன்.

"இனிக் கொழுப்புச் சாப்பிடலாம்" என்றார் டொக்டர். "கொஞ்சங் கொஞ்சமா. கொழுப்பே இல்லாமல் இருக்கக்கூடாது. கண்ணுக்கும் தோலுக்கும் வேண்டிய சில சத்துகள் கொழுப்பிலை கரைஞ்சுதான் உடம்புக்குள்ளை போகும். உந்தக் கஞ்சியும் பால்மாவும் கொஞ்சக் காலத்துக்குத்தான்."

முதல் நாள் சொதிக்கு ஒரு மேசைக்கரண்டி முதற்பால் விட்டோம். வாய்க்குள் அது சவர்க்காரம்போல வழுக்கியது. ஆசைப்பட்டுக் கிடந்தது இதற்காகவா என்று இருந்தது. பழைய நாக்கு வர ஒரு மாதம் சென்றது. முழுதாக வரவும் இல்லை. இன்றும் எங்கள் வீட்டுச் சொதிக்குப் பாதி இரண்டாம் பால், பாதி கஞ்சி. கை கழுவின தண்ணீர் என்றவர், கலியாண வீட்டுச் சொதியைக் குடித்துவிட்டு "நெஞ்சிலை நிக்குது" என்கிறார்.

என் உடம்பில் இப்போது சேமிக்கும் பை இல்லை. பித்தநீர் ஈரலிலிருந்து சொட்டுச் சொட்டாக எந்த நேரமும் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே தடவையில் நிறையச் சாப்பிட்டால் வயிறு திணறும். ஆகவே கொஞ்சமாக, அடிக்கடி. பந்திக்கு இருந்து இரண்டாம் தரம் கேட்டு வாங்கும் ஆள் போய்விட்டாள். ஒரு பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சாப்பிட்டால் மணிக்கூட்டைப் பார்ப்பேன். அரைமணி போகும்வரை என்னில் ஒரு பகுதி விறாந்தை வாங்கில் இருக்கும். நோவு வராது என்று எனக்குத் தெரியும். விலாவுக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் அளவைப் பாடம் எடுக்கும்போது ஒரு முட்டைக் கோதில் தண்ணீர் வார்த்து அளந்து காட்டினேன். மூன்று மேசைக்கரண்டி. இரண்டு கோதுக்கு ஆறு. சொதியில் நான் கரண்டிக் கணக்கில் பார்த்துப் பார்த்துத் தவிர்த்ததை எல்லாம் நினைத்துக்கொண்டேன். ஏன் ரீச்சர் சிரிக்கிறீங்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

போன மாதம் வாசுகி சாமத்தியப்பட்டாள். தண்ணீர் வார்த்து, தனி அறையில் இருத்தினோம். மூன்றாம் நாள் விடிய அக்கா ஒரு கையில் முட்டையும் மற்றக் கையில் நல்லெண்ணெய்ப் போத்தலுமாக வந்தார். அறை வாசலில் நின்றுவிட்டார். உள்ளே போகவில்லை. என்னைப் பார்த்தார்.

"குடுக்கட்டோ?"

என்னை வளர்த்த அக்கா இந்த வீட்டில் எதற்கும் என்னிடம் அனுமதி கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. பிள்ளைக்குக் கல் இல்லை, நோவு இல்லை. வளர்கிற உடம்பு.

"குடுங்கோ அக்கா. ஒரு கோது போதும்."

வாசுகி முட்டையை உறிஞ்சினாள். கோதில் வார்த்த எண்ணெயைக் கண்ணை இறுக மூடி விழுங்கினாள். முகத்தை அவள் சுளித்ததைப் பார்த்ததும் என் வெட்டுத் தழும்பு இழுத்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறேகால்.

நான் தேத்தண்ணி போடப் போகவில்லை. அங்கேயே ஒரு பாயில் இருந்தேன். அக்காவும் அடுப்படிக்குத் திரும்பாமல், கோதைக் கையில் வைத்தபடி வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். ஆறரை. ஆறே முக்கால். தலையைத் திருப்பினேன். அக்காவும் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன ரெண்டு பேரும் உப்பிடிப் பாக்கிறியள்?" என்றாள் வாசுகி. "எனக்குப் பசிக்குது."